பிரான்சுப் பனியில் வேலைக்கு ஓட்ட: பாண்டியில் வாங்குவதும் அங்கே வாங்குவதும்

புதுச்சேரியில் பனி என்றால் மார்கழி விடியலில் வாசல் கோலத்தை நனைக்கிற ஈரம். மிஞ்சிப்போனால் பாகூர் ஏரிப் பக்கம் ஹெட்லைட் போடவைக்கும் மூட்டம். இங்கே ஓட்டிப் பழகிய கையோடு கிரெனோபிள், அன்னசி, கிளெர்மோன் என்று வேலைக்குப் போகிறவர்கள் முதல் டிசம்பரில் சந்திப்பது வேறு பனி. ஆறரை மணி டூட்டிக்குக் கிளம்ப ஐந்தே முக்காலுக்கு வண்டியிடம் வந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைக் கல்லாக உறைந்து நிற்கும், கதவு ரப்பர் சட்டத்தோடு ஒட்டியிருக்கும், வைப்பர் அசையாது. அந்தக் காலைக்கென்று கடைகளில் விற்கிற பொருட்களைத்தான் இங்கே எடைபோடுகிறோம். எதைப் பாண்டியிலேயே வாங்கிப் பெட்டியில் வைக்கலாம், எதை அங்கே போய் வாங்க வேண்டும், எதை வாங்கவே வேண்டாம் என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் இருக்கும் பணத்தில் முக்கால் பங்கு டயருக்குப் போகட்டும். மிச்சத்தில் நல்ல கண்ணாடிக் கழுவு திரவம், ஒரு சுரண்டி, சக்கரத்துக்கு மாட்டும் ஒரு ஜோடி பனி சாக்ஸ். ஊருக்குப் போகிறவருக்குச் சொந்தக்காரர்கள் பரிசாக வாங்கிக் கொடுக்கிற பளபளப்பான ‘விண்டர் கிட்’ பைகளில் இந்த நான்கில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மட்டமான தரத்தில், இருக்கும்.

டயரிலிருந்து தொடங்குவோம். பாண்டியில் ஓடுகிற கார்களில் இருப்பது கோடைக்கான ரப்பர். அங்கே வாங்கும் பழைய கார்களிலும் பெரும்பாலும் அதேதான் மாட்டியிருக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். சாலை காய்ந்திருந்தால்கூடப் பிடிமானம் குறையும். குளிர்கால டயரின் கலவையே வேறு. குளிரிலும் இளக்கமாக இருக்கும். டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது அவை திறந்து மூடிப் பனியைக் கவ்வும். பள்ளங்களில் அடைந்துகொள்ளும் பனியும் ஒரு வேலை செய்கிறது: சாலையில் கிடக்கும் பனியோடு அது ஒட்டிப் பிடிக்கும். பனியைப் பிடிக்க இன்னொரு பனியைவிட நல்ல பொருள் கிடையாது.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ; இந்த முத்திரை இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர். ‘எம்+எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் குறி. அதற்குச் சோதனை கட்டாயமில்லை. பிரான்சின் மலைப்பகுதிச் சட்டம் 2021 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு இயங்கு சக்கரங்களுக்காவது (எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள்) சங்கிலியோ சாக்ஸோ வண்டியில் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் அந்த மூன்று சிகர முத்திரை உள்ளதைத்தான் குளிர்கால டயராக ஏற்கிறார்கள். தேதி மறந்துபோகும் என்ற கவலை பாண்டிக்காரருக்கு வேண்டாம்: நவம்பர் 1 நம் விடுதலை நாள். பகுதி தொடங்குமிடத்தில் மலையும் டயரும் சங்கிலியும் வரைந்த பலகை நிற்கும்.

முழுக் குளிர்கால டயரா, நான்கு பருவ டயரா? பாரிஸ் சுற்றுவட்டாரம், லியோன் நகரம் போன்ற இடங்களில் சமதளச் சாலையில் வேலைக்குப் போகிறவருக்கு நான்கு பருவ டயர் போதும். மிஷலின் கிராஸ்கிளைமேட் போன்றவற்றில் அந்த மூன்று சிகர முத்திரை இருக்கிறது. ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். இரண்டாவது செட்டை அடுக்கி வைக்க இடம் தேட வேண்டாம். அடுக்ககத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி. மலையடிவாரத்தில் குடியிருந்து தினமும் ஏற்றம் ஏறுகிறவருக்கு முழுக் குளிர்கால டயர்தான் சரி. மே மாதத்தில் அதே டயரில் ஓட்டினால் பென்சில் அழிப்பான் போலத் தேய்ந்து, பிரேக் தூரமும் நீளும். அப்போது மாற்றியே ஆக வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, காசை மிச்சப்படுத்த முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் மாட்டுவது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் லேசாக பிரேக் தொட்டாலே பின்பகுதி முன்னால் சுற்றி வரும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இன்னொரு தவறு, பழைய டயரை மலிவாக வாங்குவது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்; 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு ஆண்டு கடந்த குளிர்கால டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பள்ளம் பார்க்க 2 யூரோ நாணயத்தை அதற்குள் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். வெளியோர வெள்ளி வளையம் முழுக்க மறைந்தால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருக்கிறது. சட்டப்படி 1.6 போதும்; பனிக்கு 4-க்குக் கீழே நம்ப முடியாது.

காற்றழுத்தமானி ஒன்றைப் பாண்டியிலேயே வாங்கிப் பெட்டியில் போடுங்கள். கைக்கு அடக்கமானது, எடையில்லை, பிஎஸ்ஐ, பார் இரண்டு அளவும் காட்டுவதாக இருக்கட்டும். நம் ஊர் பங்கில் 33 என்று சொல்லிப் பழகியது அங்கே கதவோர ஸ்டிக்கரில் 2.3 என்று இருக்கும். 10 டிகிரி இறங்கினால் சுமார் 0.1 பார் குறையும். செப்டம்பரில் 20 டிகிரியில் அடைத்த காற்று, மைனஸ் 5-இல் நான்கு பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து அடையுங்கள். பனியில் பிடிப்பு கிடைக்கும் என்று காற்றை இறக்கி ஓட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நகரச் சாலைக்கு அது தவறான யோசனை.

அடுத்தது கண்ணாடி. சுரண்டி நான்கைந்து யூரோவில் கிடைக்கும். கைப்பிடி நீளமாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். அகலம் பத்து சென்டிமீட்டர் போதும். பித்தளைப் பட்டை வைத்தது மிக நன்றாக உழைக்கும். பித்தளை கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் கீறாது. பிளாஸ்டிக் விளிம்பில் ஒருமுறை பிசிறு விழுந்தால் தூக்கிப்போடுங்கள். அந்தப் பிசிறுக்குள் சிக்கும் மணல்தான் கண்ணாடியில் கோடு போடும். கையுறையோடு தைத்து வரும் சுரண்டியை வாங்க வேண்டாம்: இரண்டாவது தடவையே உள்ளே ஈரமாகும், மறுநாள் அந்தக் கையுறையே உறைந்திருக்கும். ஏடிஎம் அட்டை, எவர்சில்வர் கரண்டி, சிடி பெட்டி எல்லாம் கண்ணாடிக்குக் கேடு. ஏடிஎம் அட்டை முதலில் உடையும், அதுவும் ஒரு செலவு.

வெந்நீர் மட்டும் ஊற்றவே கூடாது. நம் வீட்டுப் பழக்கத்தில் முதலில் தோன்றுகிற யோசனை அதுதான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம். உறைந்த கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் திடீரென்று விரியும். கல் தெறித்த சிறு புள்ளி ஏற்கெனவே இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடும். தப்பித்தாலும் அந்தத் தண்ணீர் சில நிமிடத்தில் கண்ணாடியிலேயே மீண்டும் உறையும்; வழிந்தது காலடியில் கண்ணாடித் தரையாகும்.

பனி உருக்கும் ஸ்பிரே நல்ல பொருள். இது அடிப்படையில் ஆல்கஹால். மேல்விளிம்பில் அடித்தால் கீழே வழிந்து வேலை செய்யும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுத்துப் பிறகு சுரண்டினால் ஏடு ஏடாக வரும். அடித்த உடனே வைப்பரைப் போட்டால் ரப்பர் கிழியும். அழுத்தக் குப்பியைவிடக் கையால் அழுத்தும் பம்ப் குப்பி நல்லது, குளிரில் அழுத்தக் குப்பி மூச்சிழந்துவிடும். இதை இங்கிருந்து கொண்டுபோக முடியாது. தீப்பற்றும் ஸ்பிரே விமானப் பெட்டியில் தடை. சென்னை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

நம் ஊர்க் கடைகளில் விற்கிற வெள்ளி நிற வெயில் மறைப்பைப் பலர் மடித்து எடுத்துப்போகிறார்கள். அது உள்ளே வைப்பது, உறைபனி பிடிப்பது வெளியே. ஆகவே பயனில்லை. வெளியே போர்த்தும் தடித்த உறைதான் வேண்டும். இரண்டு பக்கமும் மடல் நீண்டு, முன்கதவில் சொருகி மூடக்கூடியதாக இருக்கட்டும். கொக்கியோ காந்தமோ மட்டும் உள்ளதைக் காற்று கொண்டுபோய்விடும். காய்ந்த கண்ணாடியில் போர்த்தினால் காலையில் ஐந்து நிமிடம் மிச்சம். மழை ஈரத்தின் மேல் போர்த்தி, இரவில் உறைந்தால் உறையே கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் கிழியும். திறந்தவெளியில் நிறுத்துகிறவருக்கு நல்ல பொருள், ஆனால் வானிலை பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

கழுவு திரவத்தைப் பற்றி அதிகம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாண்டியில் அந்தத் தொட்டியில் நாம் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். அங்கே அது முதல் உறைபனி இரவிலேயே குழாயிலும் முனையிலும் கட்டியாகும். மோட்டாரை அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபியூஸ் போகும், தொட்டியே வெடிப்பதும் உண்டு. ஐந்து லிட்டர் கேனில் மைனஸ் 20 என்று எழுதியதை வாங்குங்கள். பக்கத்திலேயே மலிவாகக் கோடைத் திரவம் இருக்கும், அதுவும் நீலமாகவே இருக்கும். நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். மிச்சம் பிடிக்கத் தண்ணீர் கலக்காதீர்கள். ஓடும் வண்டியில் காற்று பட்டு ஆல்கஹால் ஆவியாகிவிடுவதால் எழுதியுள்ள எண்ணைவிட உண்மையில் கிடைக்கும் பாதுகாப்பு குறைவு. கலந்தால் இன்னும் குறையும். சாலையில் தூவிய உப்பும் சேறும் முன்னால் போகும் லாரியிலிருந்து தெறித்து, சில நொடியில் கண்ணாடியைச் சாம்பல் நிறமாக்கும். உப்பு போட்ட நாளில் ஒரு வேலைப் பயணத்துக்கே ஒரு லிட்டர் வரை செலவாகலாம். ஒரு கேனை எப்போதும் டிக்கியில் வையுங்கள்.

ரேடியேட்டரும் இதே கதைதான். கூலன்ட் குறைந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35-ஐத் தாண்டியும் தாங்கும். நீர்த்துப்போனால் எஞ்சினுக்குள் உறைந்து உலோகத்தையே பிளக்கும்.

கதவு ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மவர்கள் மட்டும் செய்யும் தவறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும். அந்தக் குளிரில் அது மெழுகு. போதாததற்கு எண்ணெய் நாளடைவில் ரப்பரை உப்பவைக்கும். சிலிகான் குச்சி அல்லது கிளிசரின் தடவுங்கள். துணியால் ரப்பரை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கிளிசரின் பாண்டியில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், ஆனால் அங்கும் கிடைக்கும் என்பதால் பெட்டியில் இடம் அடைக்க வேண்டாம். பூட்டில் உறைந்த பனியை உருக்க உள்ளே அடிக்கும் சிறு குப்பியை மட்டும் கோட்டுப் பையில் வையுங்கள். காருக்குள் பூட்டி வைத்தால் அது எதற்கு?

கண்ணாடி உள்பக்கம் புகைவது தனித் தொல்லை. பாண்டி வெயிலில் ஏசியைப் போட்டு உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை ஆண்டு முழுவதும் அமுக்கி வைத்திருப்போம். அங்கே ஏறியதும் முதலில் அதை அணையுங்கள். ஈரக் காலணி, ஈரக் கோட்டு, மூச்சு எல்லாம் சேர்ந்து உள்ளேயே மூடியிருக்கும் ஈரம் கண்ணாடியில் படியும். வெளிக்காற்று, சூடு, ஏசி மூன்றும் ஒன்றாகப் போட வேண்டும்; ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியை உலர்த்தும். புகைமூட்டம் தடுக்கும் ஸ்பிரேக்கள் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. சுத்தமான மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு இங்கிருந்தே எடுத்துப்போங்கள். அந்தச் செலவில் கிடைக்கும் பயன் எந்த ஸ்பிரேயிலும் இல்லை. எஞ்சினைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் காபி குடித்து வரலாம் என்றும் நினைக்காதீர்கள்: நிறுத்திய வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் பிரான்சில் 135 யூரோ அபராதம். மூடிய கராஜில் ஓடவிட்டால் புகையே உயிரை எடுக்கும்.

இனி சாக்ஸும் சங்கிலியும். துணிச் சாக்ஸ், ஆட்டோசாக் போன்றவை, எடை குறைவு. டிக்கியில் ஒரு சிறு பைக்குள் அடங்கும். முதல்முறை மாட்டுகிறவருக்கும் பத்து நிமிடம் போதும். சக்கரத்தின் மேல்பாதிக்குப் போர்த்தி, உள்பக்க ஓரத்தை இழுத்துவிட்டு, வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மீதியை இழுக்க வேண்டும். கோணல்மாணலாக இருந்தாலும் ஓடத் தொடங்கியதும் தானே நடுவுக்கு வரும். வாங்கும்போது ‘ஈஎன் 16662-1’ என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். அளவு டயரின் பக்கச்சுவரில் உள்ள 195/65 ஆர்15 மாதிரியான எண்ணுக்குத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். மாட்டுவது இயங்கு சக்கரத்தில். பெரும்பாலான சிறு கார்களில் அது முன்சக்கரம். வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது. பனியில்லாத தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சில கிலோமீட்டரில் ஓட்டை விழும். ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த தடவை பலகைபோல் உறைந்திருக்கும்.

சங்கிலி கனம், ஆனால் செங்குத்தான ஏற்றத்திலும் வழுக்குக் கட்டியிலும் (சாலையில் மெல்லிய ஏடாக உறையும் பனிக்கட்டி) சாக்ஸ் அதற்கு ஈடாகாது. சங்கிலி வாங்கினால் வீட்டு வாசலில் காய்ந்த தரையில் இரண்டு தடவை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், மைனஸ் 5-இல், முட்டி பனியில் புதைய, குறிப்புத் தாளைப் படித்து மாட்ட முடியாது. மாட்டிய பிறகு நூறு மீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயை அறுக்கும். சில கார்களில் சக்கரத்துக்கும் உள்பக்கப் பாகங்களுக்கும் இடைவெளி போதாது, சங்கிலி கூடாது என்று வண்டிக் கையேட்டிலேயே எழுதியிருக்கும். நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவருக்கு எங்கள் பரிந்துரை சாக்ஸ்.

பாண்டியிலிருந்து எடுத்துப்போகத் தகுந்ததில் எதிர்பாராத ஒன்று தென்னை நார் மிதியடி. சக்கரம் ஒரே இடத்தில் சுழன்றால் இயங்கு சக்கரத்துக்கு முன்னால் இறுக்கித் திணித்து மெதுவாக நகர்த்துங்கள். கார் தரைவிரிப்பைவிடச் சொரசொரப்பு அதிகம் என்பதால் நன்றாகக் கவ்வும். மிதியடி பின்னால் பறந்து வரும், அங்கே யாரும் நிற்கக் கூடாது. பெட்டியின் அடியில் தட்டையாகக் கிடக்கும், எடையும் குறைவு.

பேட்டரி மைனஸ் 18-இல் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். எஞ்சின் எண்ணெயோ அதே நேரத்தில் கெட்டியாகி அதிக பலம் கேட்கும். நான்கைந்து வயதான பேட்டரியை நவம்பருக்கு முன்பே கராஜில் சோதித்துவிடுங்கள். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் நல்ல பொருள். லித்தியம் என்பதால் விமானத்தில் கைப்பையில் மட்டும்; 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இரவில் அதை வீட்டுக்குள் வைத்து, அதையும் சார்ஜில் வைத்திருங்கள்.

தடித்த கையுறையோடு ஓட்ட வேண்டாம், ஸ்டீயரிங் வழுக்குவது கைக்குத் தெரியாமல் போகும்; மெல்லியது போதும். தடித்த ஜாக்கெட்டின் மேல் சீட் பெல்ட் போட்டால் மோதும்போது பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். ஜிப்பைத் திறந்து பெல்ட்டை உள்ளே உடம்போடு ஒட்டிப் போடுங்கள். குழந்தைக்கு ஜாக்கெட்டையே கழற்றிவிடுங்கள். ஏறுமுன் காலணியைத் தட்டுங்கள், அடியில் ஒட்டிய பனி பெடலில் வழுக்கும். கூரைமேல் கிடக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். முதல் பிரேக்கில் அது மொத்தமாக முன்கண்ணாடியில் சரியும்.

ஓட்டும் முறையில் பாண்டிக் கை மாற வேண்டியது இடைவெளியில்தான். கடலூர் சாலையில் முன்வண்டிக்குப் பின்னால் ஒட்டிப்போகும் பழக்கம் அங்கே முதல் சிக்னலிலேயே இடியில் முடியும். முன்வண்டி கடந்த கம்பத்தை நீங்கள் அடைய எட்டு நொடியாவது ஆகட்டும். இரண்டாவது கியரில் கிளம்புங்கள். இறக்கத்தில் சின்ன கியர் போட்டு, பிரேக்கை முட்டை மேல் கால் வைப்பதுபோலத் தொடுங்கள். அவசரத்தில் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் துடித்தாலும் காலை எடுக்காமல் அழுத்துங்கள். பாலத்தின் மேல் எப்போதும் கூடுதல் கவனம். கீழேயும் காற்று ஓடுவதால் சாலைக்கு முன்பே பாலம் உறையும். வெப்பநிலை 3 டிகிரிக்கு வந்தாலே வழுக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது கண்ணுக்கு ஈரத் தார் போலத்தான் தெரியும். முந்தைய நாள் மாலையே அந்நாட்டு வானிலை மையமான மெத்தியோ பிரான்ஸின் எச்சரிக்கையைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நம் வானிலை மையம் புயலுக்குப் பயன்படுத்தும் அதே நிறங்கள். பனி-வழுக்கு ஆரஞ்சு என்றால் காரை விட்டுவிட்டு ரயிலைப் பாருங்கள், அல்லது மேலாளரிடம் முன்னிரவே சொல்லிவிடுங்கள்.

கடற்கரை வீடுகளின் கிரில்லை உப்புக்காற்று என்ன செய்யும் என்று பாண்டிக்காரருக்குத் தெரியும். சாலை உப்பு காரின் அடிவயிற்றில் அதையே சில மாதத்தில் செய்துவிடும். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பகுதிக் கழுவல் உள்ள நிலையத்துக்குப் போங்கள், வெப்பநிலை சுழியத்துக்கு மேலே இருக்கும் பகலில். கழுவியதும் கதவு விளிம்பு, பூட்டு, பெட்ரோல் மூடி மூன்றையும் துடைத்து, பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்திக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு கைபிரேக் போட்டுவைத்த வண்டியில் காலையில் பின்சக்கரம் உறைந்து நகராது. கியரில் விட்டு நிறுத்துவது நல்லது.